மூன்று தப்படி

வழி காட்டப் போடும் தடக்குறிகளில் எது உசத்தி என்று சாரணர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் பேச்செடுத்தால், பெரும்பாலோர் வட்டத்துக்குள் புள்ளியைத்தான் சொல்வார்கள். ‘வீட்டுக்குப் போய்விட்டேன்’ என்கிற அந்தக் குறிக்கு நெஞ்சைத் தொடும் கதையும் உண்டு. 1941 ஜனவரி 8 அன்று கென்யாவில் காலமான சாரண இயக்க நிறுவனர் பேடன் பவலின் கல்லறையில், நியேரியில், அந்த வட்டத்தையும் புள்ளியையும் பொறித்து வைத்தார்கள். அந்தக் கல்லறையின் படத்தைப் பார்த்துக் கண் கலங்காத பழைய சாரண ஆசிரியர் இருக்கமாட்டார். அவர்கள் ரசனையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் என் கட்சி வேறு. ஒரு கட்டம், அதற்குள் ஓர் எண், அதிலிருந்து புறப்படும் ஓர் அம்பு. இந்தத் திக்கில் இத்தனை தப்படியில் கடிதம் இருக்கிறது என்று அதற்குப் பொருள். புதையல் வேட்டை என்ற கலை முழுவதும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது என்பது என் தீர்மானம்.

வட்டமும் புள்ளியும் ஆட்டம் முடிந்ததைச் சொல்கிற குறி. அம்பு ‘வா’ என்கிறது, பெருக்கல் குறி ‘இங்கே வராதே’ என்கிறது, அலைக்கோடு தண்ணீர் இருக்கிறது என்கிறது. இவற்றையெல்லாம் கண்ணால் படித்துக்கொண்டே நடந்துவிடலாம். கட்டம் மட்டும்தான் ஆளை நிறுத்தும். அங்கே நின்று திசை பிடிக்க வேண்டும், காலால் அளக்க வேண்டும், அளந்து முடித்த இடத்தில் குனிந்து தேட வேண்டும், புதருக்குள் கை விட வேண்டும். உடம்பு முழுவதையும் வேலைக்கு அழைக்கிற ஒரே குறி அது.

1908இல் வந்த ‘ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்’ புத்தகத்தில் இந்தக் குறிக்குப் பேடன் பவல் கொடுத்த அளவு மூன்று தப்படி. அவர் எப்படி யோசித்து அந்த அளவுக்கு வந்தாரோ, அதைவிடச் சரியான அளவு கிடையாது. ஒரு தப்படி என்றால் குறியைப் பார்க்கும்போதே கடிதமும் கண்ணில் பட்டுவிடும். பத்து என்றால் குட்டைக்காலுக்கும் நெட்டைக்காலுக்கும் இடையே ஏழெட்டு அடி வித்தியாசம் வந்துவிடும்; அதோடு அம்பு கொஞ்சம் கோணினாலும் அடுத்த மரத்துக்குப் போய் நிற்பார்கள். மூன்றில் அந்த வித்தியாசம் இரண்டடி, கூடிப்போனால் இரண்டரை அடி. கையை வீசித் துழாவினால் எட்டிவிடும். பதினொரு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பையனும் ஒரே புதரடியில் வந்து நிற்பார்கள். பிள்ளைகளின் காலை அளந்து பார்த்தவர்தான் அந்த அளவை வைத்திருக்க முடியும்.

இதை எனக்கு விளங்க வைத்தவர் புதுச்சேரியில் தடம் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஸ்கவுட் மாஸ்டர். எங்களுக்கு அவர் ‘சார்’, அவ்வளவுதான். எத்தனையோ முகாம்களில் எத்தனையோ பேர் போட்ட தடங்களைப் பின்தொடர்ந்து நடந்திருக்கிறேன். அவர் போட்ட கட்டத்துக்கு ஈடாக இன்னொன்றைப் பார்த்ததில்லை.

போடுகிற விதத்தைச் சொல்கிறேன். பாதையின் வலது ஓரத்தில் குந்தி உட்காருவார். உள்ளங்கையால் மண்ணை ஒருமுறை தடவிச் சருகையும் கல்லையும் ஒதுக்குவார். விரல் பருமன் வேப்பங்குச்சியைச் சாய்வாகப் பிடித்து, கையை எடுக்காமல் நான்கு பக்கமும் இழுப்பார். பக்கத்துக்கு ஒரு சாண், அதற்குமேல் கிடையாது. நான்கு மூலையிலும் சின்னக் கூழாங்கல்லை அழுத்தி வைப்பார். நாயோ காற்றோ ஓரத்தைக் கலைத்தாலும் மூலைகள் நிற்கும், மூலைகள் நின்றால் கட்டம் நிற்கும். எண்ணை எழுதமாட்டார். சட்டைப் பையிலிருந்து மூன்று புளியங்கொட்டையை எடுத்துக் கட்டத்துக்குள் வரிசையாகப் பதிப்பார். ஈர மண்ணில் அந்த மூன்றும் பளபளவென்று கிடக்கும். கடைசியாக அம்பு. கட்டத்தின் பக்கத்தில் நட்ட நடுவிலிருந்து கிளம்பும். மூலையிலிருந்து கிளம்பிய அம்பை அவர் அம்பாகவே சேர்க்கமாட்டார். எழுந்து, வந்த வழியே பின்னால் போய், ஒரு பையனின் உயரத்துக்குக் குனிந்து நடந்து வந்து பார்ப்பார். தேடுகிறவனுக்குத் தெரிய வேண்டும், சும்மா நடக்கிறவனுக்குத் தெரியக்கூடாது. “பெரிசா போட்டா அது சினிமா போஸ்டர் தம்பி, குறி இல்ல” என்பார்.

கடிதம் ஃபிலிம் டப்பாவுக்குள் இருக்கும். ஸ்டுடியோக்காரர்கள் தூக்கிப் போடுகிற கறுப்பு டப்பாக்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். டப்பாவைச் சணல் கயிற்றால் சுற்றி ரீஃப் முடிச்சுப் போட்டிருப்பார். பிரித்துப் படித்த அணி, அடுத்த அணிக்காக அதே முடிச்சில் கட்டி அதே இடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். கடைசி அணி எல்லா டப்பாவையும் பொறுக்கிக்கொண்டு வரும். முடிச்சுகளை விரலால் தடவியே, எங்கே கோணல் முடிச்சு விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவரிடம் கயிறு பரீட்சை என்று தனியாக ஒன்று நடந்ததே இல்லை. தடம்தான் பரீட்சை.

புதுச்சேரியில் தடம் போடுவது லேசுப்பட்ட காரியமல்ல. 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் வகுத்துவிட்டுப் போன நேர்த்தெருக்கள் இவை. 1761இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகும், பிரெஞ்சுக்காரர்கள் பழைய தெருக்கோடுகளை ஒட்டியே திரும்பக் கட்டினார்கள். ஒரு முக்கில் நின்றால் மறுமுக்கு தெரிகிறது. முன்னால் போகிற அணியின் ஸ்கார்ஃப் நிறமே தெரிகிற தெருவில் அம்புக்குறி எதற்கு? கிழக்கு நோக்கிப் போகிற தெரு எதுவானாலும் முடிவில் கடல். காம்பஸை வெளியே எடுக்கவே வேண்டாம். மலைப்பக்கக் காடுகளில் தடம் போட்டுப் பழகியவர்கள் இங்கே வந்து திணறியதைப் பார்த்திருக்கிறேன். வளைவும் மறைவும் இல்லாத ஊரில் எதை ஒளிப்பது என்று கேட்பார்கள்.

சார் அதற்கு வைத்திருந்த மருந்து கட்டம்தான். நேர்த்தெருவில் அவர் வழிகாட்டும் அம்பே போடமாட்டார். ஒவ்வொரு முக்கிலும் ஒரு கட்டம், ஒரு கடிதம். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது கடிதத்துக்குள்தான் இருக்கும். அதோடு இரண்டு அணிகளை ஒரு பக்கமும் இரண்டு அணிகளை எதிர்ப்பக்கமும் அனுப்புவார். முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்து ஓடினால் தப்பான தெருவுக்குத்தான் போய்ச் சேர முடியும். கப்ஸ் கோயிலுக்கு எதிரே ஜோன் ஆஃப் ஆர்க் சிலை நிற்கிற சின்னத் தோட்டத்தில் தொடங்கி, பாரதி பூங்காவைச் சுற்றி, பெரிய வாய்க்காலைத் தாண்டி, 1826இல் உருவான தாவரவியல் பூங்காவின் மரங்களுக்கடியில் முடிகிற அவருடைய பாதையை இன்றைக்கும் மனத்தால் நடந்து பார்ப்பேன். கோட்டுத்தாள் போல நேராகக் கிடக்கிற ஊரை அவர் காடாக்கிக் காட்டினார்.

வாய்க்காலுக்கு மேற்கே போய்விட்டால் வேறொரு சங்கடம். வாசலுக்கு வாசல் கோலம். சாக்பீஸால் போட்ட குறி கோலத்தோடு கலந்து போகும். மார்கழியில் கேட்கவே வேண்டாம். அந்தத் தெருக்களில் வெள்ளை நிறத்தில் அவர் எதையும் போட்டதில்லை. கல்லும் கொட்டையும் மட்டும்தான். கோலத்தை மிதித்த அணிக்கு அன்றைக்கு ஆட்டம் கிடையாது. அடுத்த கடிதத்தில் கேட்பார்: தாண்டி வந்த மூன்றாவது வீட்டு வாசலில் நடு வரிசையில் எத்தனை புள்ளி? திரும்பிப் போய்ப் பார்க்க அனுமதி இல்லை. 1901இல் வெளியான கிப்ளிங்கின் ‘கிம்’ நாவலில் சிம்லாவில் ஒரு தட்டு நிறைய ரத்தினங்களைக் காட்டி மூடி நடத்துகிற பயிற்சியைத்தான் உலகச் சாரணர்கள் கிம் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். மேசைமேல் பேனாவும் சாவியும் பரப்பித் துணி போட்டு மூடுகிற அந்த விளையாட்டை, எங்கள் சார் ஒரு தெருவின் வாசல்களில் நடத்தினார். கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாக்கள், காக்கிச் சட்டைப் பையன்கள் தங்கள் புள்ளிகளை எண்ணிக்கொண்டு ஓரமாக நடந்து போவதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பருவமும் தெரிந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் போட்ட குறி மழையில் நிற்காது. சித்திரை வெயிலில் மண் கல்லாகிவிடும், குச்சி இறங்காது. வீராம்பட்டினம் பக்கத்துக் கடற்கரை மணலில் காலையில் போட்டால் உச்சிக்குள் ஆட்டத்தை முடித்துவிட வேண்டும்; கடற்காற்று எழும்பியதும் கோடுகள் தூர்ந்துபோகும். சவுக்குத் தோப்பில் ஊசியிலைகள் உதிர்ந்து உதிர்ந்து கட்டத்தை மூடிவிடும். அங்கே மண்ணில் கோடு இழுக்காமல், உதிர்ந்த சவுக்குக் குச்சிகளையே நான்கு பக்கமாக அடுக்கிவிடுவார். ஊரின் காற்றும் மரமும் தெரியாதவர் போடுகிற தடம் எந்த ஊரிலும் நிற்காது.

சின்னங்களையும் மரபுகளையும் கடிதங்களுக்குள் வைத்த விதத்தில்தான் அவருடைய கைத்தேர்ச்சி முழுதாகத் தெரியும். பாடம் என்று ஒரு வரி எழுதமாட்டார். கைகுலுக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கையால் கொடுப்பதும் வாங்குவதும் மரியாதைக்கேடு என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாம். சாரணனாகச் சேர்ந்த அன்றைக்கு இடது கையை நீட்டச் சொன்னால் கூச்சம் வரத்தான் செய்யும். அசாந்தி வீரர்கள் நம்பிக்கையின் அடையாளமாகக் கேடயத்தைக் கீழே விட்டு இடது கையை நீட்டுவார்கள், பேடன் பவல் அதை ஆப்பிரிக்காவில் கேட்டறிந்தார் என்று வழிவழியாக ஒரு கதை சொல்லப்படுகிறது. சார் அந்தக் கதையை முதலில் சொல்லமாட்டார். தாவரவியல் பூங்காவில் ஒரு மரத்தின் பொந்தில் டப்பாவை வைப்பார். பொந்து இருக்கும் வாகுக்கு, வேர்களுக்கு நடுவே நின்று இடது கையை விட்டால் மட்டும்தான் எட்டும். வலது கையை எப்படித் திருப்பினாலும் முழங்கை இடிக்கும். முனகிக்கொண்டே இடது கையை விட்டு எடுத்த கடிதத்தில் அசாந்தி வீரனின் கதை இருக்கும். அன்றைக்குப் பிறகு அந்தக் கைகுலுக்கலில் ஒரு பையனுக்கும் கூச்சம் இருந்ததில்லை.

சாரணச் சின்னமான மூவிதழ் மலருக்கு அவர் வைத்த புதையல்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரியது. உறுதிமொழியின் மூன்று பகுதி, வடக்கைக் காட்டும் காம்பஸ் முள் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. 1897இல் மீரட்டில் குதிரைப்படைக்குத் தலைமை ஏற்ற பேடன் பவல், வேவுப் பயிற்சியில் தேறிய வீரர்களுக்கு இந்த மலரைத்தான் சின்னமாகக் கொடுத்தார். அதாவது சாரண இயக்கம் தொடங்குவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே இந்திய மண்ணில் இந்த மலர் சட்டையில் ஏறிவிட்டது. பின்னாளில் நம் பாரத சாரண சாரணியர் சின்னத்தில் அதோடு சாரணியரின் மூவிலையும் அசோகச் சக்கரமும் சேர்ந்தன. இதெல்லாம் படித்தால் தெரிகிற சேதி.

சாரின் கடைசிக் கடிதத்தில் ஒரு தாள் இருக்கும். காசின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த படி. ஒரு பக்கத்துப் படியில் மூவிதழ் மலர். மறுபக்கத்துப் படியில் தமிழ் எழுத்தில் ‘புதுச்சேரி’. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே அச்சடித்துப் புழங்கிய டூடூ என்கிற செப்புக்காசு அது. பிரெஞ்சு அரசர்களின் அல்லிமலர் ஒருபுறம், நம் எழுத்தில் நம் ஊர்ப்பெயர் மறுபுறம். கீழே ஒரே கேள்வி: உன் சட்டையில் இருக்கிற பூ உன் ஊருக்கு எப்போது வந்தது? மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு எங்கள் அணியில் எட்டுப் பேரும் அந்தத் தாளைச் சுற்றி நின்றோம். எங்கோ இங்கிலாந்திலிருந்து வந்த அடையாளம் என்று நினைத்து அதுவரை நாங்கள் குத்திக்கொண்டிருந்த பூ, எங்கள் முப்பாட்டன்கள் மடியில் முடிந்து சந்தைக்குப் போன காசில் இருந்திருக்கிறது. புதையல் என்று பெட்டி நிறைய மிட்டாய் வைத்திருந்தால் அன்று சாயங்காலத்துக்குள் தீர்ந்துபோயிருக்கும்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதையல் புதிதும் அல்ல. 1937இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய், அரிக்கமேட்டுச் சிறுவர்களிடமிருந்து செதுக்குக் கல்லொன்றைப் பெற்றார். அதில் இருந்த தலையை அகஸ்டஸ் சீசரின் தலை என்று அடையாளம் சொன்னார். 1945இல் மார்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து ரோமானிய வணிகத்தின் தடயங்களை உலகுக்குக் காட்டினார். மண்ணில் பளிச்சென்று தெரிந்ததைக் குனிந்து எடுத்துப் பார்த்த பிள்ளைகளின் கண்ணும் அந்தப் பெரிய கதையின் தொடக்கத்தில் இருக்கிறது. சார் எங்களை அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய் இந்தக் கதையைச் சொன்னார். அங்கே தடம் போடவே இல்லை. பாதுகாக்கப்பட்ட இடத்தில் ஒரு குச்சியைக்கூட மண்ணில் இறக்கக்கூடாது என்பது அவர் சட்டம். எந்த ஊரிலும் அவர் புதையலைத் தோண்டிப் புதைத்தது கிடையாது. பொந்து, கல்லிடுக்கு, வேர்மடி, இவை போதும். சுவரில் கிறுக்கக்கூடாது, அடுத்தவர் சொத்தில் குறி போடக்கூடாது என்பதெல்லாம் பேடன் பவல் காலத்திலிருந்து வருகிற ஒழுங்கு. இந்த ஊர்ப் பழைய சுவர்களுக்கு அந்த ஒழுங்கு உயிர்ப்பிச்சை.

இப்போது ஜிபிஎஸ் வேட்டைக்காரர்களிடம் வருகிறேன். அவர்கள்மேல் எனக்குப் பகை இல்லை. 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் குறிப்பில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நீக்கியது. அடுத்த நாளே, மே 3 அன்று, ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களும் ஒரு குறிப்பேடும் வைத்து ஒளித்து, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை அறிவித்தார். ஜியோகேச்சிங் பிறந்தது அப்படித்தான். 2010இல் அமெரிக்கச் சாரணர்கள் அதற்கென்று ஒரு தகுதிச் சின்னமே ஏற்படுத்தினார்கள். வெளிநாட்டுச் சாரணர்கள் ஒளித்து வைக்கும் டப்பாக்களில் இடது கைகுலுக்கலின் கதையும், 1907இல் பிரவுன்ஸீ தீவு முகாமில் பையன்களை எழுப்பிய குடு மான் கொம்பின் கதையும் பயணம் போகின்றன. எடுத்தால் ஒன்று வை, குறிப்பேட்டில் பெயர் எழுது என்கிற அவர்கள் வழக்கம் கண்ணியமானது. அவர்களும் ஃபிலிம் டப்பாவைத்தான் விரும்பி எடுத்துக்கொண்டார்கள் என்று அறிந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கைப்பேசியின் ஜிபிஎஸ் உங்களை எதுவரை கொண்டுபோய் விடும்? வானம் திறந்திருந்தால் நாலைந்து மீட்டர் வரை. அதற்குமேல் திரையில் புள்ளி தத்தளிக்கும். தாவரவியல் பூங்காவின் கிளைகளுக்கடியில் இன்னும் மோசம். கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, நின்று, சுற்றிப் பார்த்து, குனிந்து, கை விட வேண்டிய இடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. விண்ணிலிருந்து வருகிற அத்தனை கணக்கும் முடிந்த பிறகு மிச்சமிருப்பது ஏறக்குறைய அந்த மூன்று தப்படிதான். அது பேடன் பவல் 1908இல் கட்டத்துக்குள் வைத்த தூரம். வேட்டையின் சுகம் எல்லாம் அந்தக் கடைசித் தூரத்தில் இருக்கும்போது, அதுவரை திரையையே பார்த்து நடந்து வந்த பிள்ளைக்கு அங்கே கண் எப்படிப் பழகும்? வழியெல்லாம் குறி தேடி வந்த கண்ணுக்குத்தான் புதரில் ஒரு கிளை மடங்கியிருப்பது தெரியும். ஜிபிஎஸ்ஸோடு எனக்கு இருக்கிற வழக்கு இவ்வளவுதான்.

பிரெஞ்சுச் சாரணர் மரபில் வேட்டைக்கு முழுநீளக் கதை ஒன்றைப் பின்னுவார்கள். 1920இல் ழாக் செவன் பாதிரியார் முன்னின்று தொடங்கிய ஸ்கூட் த ஃபிரான்ஸ் இயக்கத்தில் வளர்ந்தவர்கள் அதில் கில்லாடிகள். பியேர் ழூபேர் வரைந்த சித்திரங்களைப் பார்த்தாலே அந்தச் சாகச உலகம் புரியும். வேடமிட்ட தூதன், களவுபோன கிரீடம், சங்கேத மொழி எல்லாம் இருக்கும். நம் ஊரிலும் அந்தப் பாணிக்கு ரசிகர்கள் உண்டு. சாரணரிலும் சின்னவர்களான குருளையருக்கு அது நன்றாகவே ஒத்துவரும். அவர்கள் காட்டுக்கதையில் வளர்கிறவர்கள். சாரண வயது வந்த பிள்ளைக்குக் கதை கனத்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். தூதனின் வசனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் மண்ணைப் பார்க்க மறந்துவிடுகிறான். மூன்று புளியங்கொட்டையும் ஒரு தெருவும் இருந்தால் கதை தானாக வந்து சேரும்.

இந்தக் கலை இன்றைக்கு இருக்கிற நிலையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அண்மையில் ஒரு முகாமில் தடம் போட்டிருக்கிறார்கள் என்று ஆசையாகப் போனேன். ஆரஞ்சு ஃப்ளெக்ஸில் அச்சடித்த அம்புகளை மரங்களில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டிய குறி ஆளுயரத்துக்குமேல் தொங்கியது. கட்டமே இல்லை. துப்பெல்லாம் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வந்தது. ஒவ்வொரு அணியோடும் ஒரு பெரியவர், கையில் தண்ணீர் பாட்டிலோடு, ‘அந்தப் பக்கம், அந்தப் பக்கம்’ என்று காட்டிக்கொண்டே நடந்தார். முடிவில் எல்லோருக்கும் சான்றிதழ். ஆட்டம் முடிந்த பிறகு கடைசி அணி தடத்தை அழித்துக்கொண்டு வர வேண்டும் என்பதே யாருக்கும் ஞாபகமில்லை; ஆணிகள் மரத்திலேயே இருந்தன.

பல இடங்களில் தடக்குறி நோட்டுப் புத்தகத்துக்குள் குடியேறிவிட்டது. ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் வரைந்து, ஸ்கேல் வைத்து அம்பு போட்டு, பக்கத்தில் பெயர் எழுதி, கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். சோபானம் என்கிற தகுதிநிலைத் தேர்வுக்கு அது கணக்காகிவிடுகிறது. அந்தப் பிள்ளையை மண்ணில் உட்கார வைத்து ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். குச்சியை எந்தச் சாய்வில் பிடிப்பது என்று தெரியாது, மூலைக்குக் கல் வேண்டும் என்று தெரியாது. குற்றம் பிள்ளைமேல் இல்லை. மண்ணில் போட்ட ஒரு நல்ல கட்டத்தை அதன் கண்ணுக்கு யாரும் காட்டவில்லை. நல்ல பாட்டைக் கேட்காத காதுக்குச் சுருதி எங்கிருந்து வரும்?

பாதுகாப்பு, நேரமின்மை, பெற்றோர் பயம் என்று காரணங்கள் சொல்கிறார்கள். நியாயம்தான். தெருக்களில் வண்டி பெருத்துவிட்டது. அன்றுபோல் அணியைத் தனியாக வாய்க்கால் தாண்டி அனுப்ப இன்று நானே யோசிப்பேன். ஆனால் அதற்குக் கலையைக் கைவிட வேண்டியதில்லை, இடத்தைச் சுருக்கினால் போதும். தாவரவியல் பூங்கா ஒன்றில் மட்டும் ஒரு காலைப்பொழுது முழுக்க வேட்டை நடத்த இடம் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். அந்த நேரத்தில் எட்டுத் தூண்களுக்கு நடுவே நிற்கிற காந்தி சிலையிலிருந்து பழைய கலங்கரை விளக்கம் வரைக்கும் எத்தனை கல்லிடுக்கு, எத்தனை நிழல்! பெரியவர் கூடவே வரட்டும், இருபது தப்படி பின்னால் வரட்டும், வாயை மட்டும் திறக்காமல் வரட்டும்.

மழை ஓய்ந்து மண் இளகியிருக்கிற தை, மாசிதான் இந்த ஊருக்குத் தடம் போடுகிற காலம். பேடன் பவலின் பிறந்த நாளான பிப்ரவரி 22 சிந்தனை நாளும் அதற்குள்ளேயே வருகிறது. அன்றைக்கு மேடை, மாலை, உரை எல்லாம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்று சாரண ஆசிரியர்களையும் சாரணியர் ஆசிரியைகளையும் கேட்டுக்கொள்கிறேன். அணித்தலைவர்கள் கையில் ஆளுக்கொரு வேப்பங்குச்சியும் மூன்று புளியங்கொட்டையும் கொடுங்கள். மற்ற குறிகள் அப்புறம் வரட்டும், முதலில் கட்டம். ஒரு சாண் அளவில், நான்கு மூலையும் மூடி, பக்கத்தின் நடுவிலிருந்து அம்பு கிளம்ப, ஒரே ஒரு கட்டத்தைச் சரியாகப் போடக் கற்றுக்கொண்ட பிள்ளை, மிச்சத் தடம் முழுவதையும் தானே போட்டுக்கொள்ளும்.